தளவாய் கிடக்கும் ஊர்

— பாலத்தத் தாண்டுனதும் மாதா கோயிலா, கல்லுக்குழியா தம்பி? போன தடவ கோயிலுன்னு சொன்னிய.

— கோயிலுதான் அண்ணி. கல்லுக்குழி அப்பால கீது, மலைய ஒட்டிக்கினு. இப்ப இன்னாத்துக்கு மறுபடியும் கேக்குறீங்க?

— புள்ளைக்கு அஞ்சு வயசாயிட்டு. உங்கப்பா எங்கன்னு டீச்சர் கேட்டாவளாம். பெல்ஜியத்துல மெஷின் ஓட்டக் கத்துக்கப் போன எடத்துல செத்துட்டாவ, அங்கேயே பொதச்சாச்சுன்னு சொல்லிருக்கா. பெல்ஜியத்துல எந்த ஊருன்னு கேட்டா முழிச்சிருக்கா.

— ரோஷ்லேன்னு சொல்லச் சொல்லுங்க. மேப்ல தேடுனா கெடைக்காது. நாங்க ரெண்டு பேரும் போய் எறங்குனப்போ தளவாயண்ணனே கேட்டாரு, இன்னாடா கார்முகிலு, வடக்குப்பட்டுல உன் வூட்டாண்ட ஏறி வடக்குப்பட்டுலயே எறங்கிட்டமான்னு.

— சிரிச்சாவளா?

— அவரு சிரிச்சாரு. எனக்குக் குளுருல வாயே தொறக்கல.

— சரி, பொறவு?

— பொறவு இன்னா. மியூஸ்னு பெரிய ஆறு. மழைக்கு மட்டும் வர்ற ஆறு இல்ல, வருசம் பூரா அதுல படகு போவும். ஆறு வளையுற எடத்துல உள்ளங்கை அளவுக்கு ஊரு. நூறு வூடு. படப்பைல ஷேர் ஆட்டோவுக்கு நிக்கிற கூட்டம் கூட அங்க கெடையாது. வூடெல்லாம் நீலமா ஒரு கல்லுல கட்னது. மழ பேஞ்சா கறுப்பாயிடும்.

— அந்தக் குழியில வெட்டுன கல்லு.

— ஆமா. ஊரே அதுல வேல செஞ்சிக்கினு இருந்துச்சாம். அப்பால குழிய மூடிட்டான். அந்த எடத்துலதான் மெஷின் கம்பெனி வந்து குந்திச்சு.

— நம்ம இருங்காட்டுக்கோட்ட மாதிரில்லா.

— தோ, கரெக்டு. ஊருக்குன்னு தனி ஆபீஸ் கூட இல்ல. எழுபத்தேழுல பக்கத்து ஊரோட சேத்துட்டானுங்கோ. ரோஷ்லேன்றது பஸ் ஸ்டாப் போர்டுல மட்டும் கீது. கெழவனுங்க வூட்டுக்குள்ள வேற பாஷ பேசுவானுங்கோ, வலோன்னு. சின்னதுல ஸ்கூல்ல அத்தப் பேசுனா அடி வுழுமாம். அண்ணன் அதுல ரெண்டு வார்த்த கத்துக்கினு போய் ஒரு கெழவன்கிட்ட சொன்னாரு. அவன் எங்கள வூட்டுக்கே இட்டுனு போயி சூப்பு குடுத்தான்.

— சண்டையில ஊர எரிச்சாவளே, அது?

— அது தொள்ளாயிரத்துப் பதினாலு. ஜெர்மன்காரன் ஆத்தத் தாண்டும்போது கொளுத்திட்டுப் போய்ட்டான். ஆகஸ்டு மாசம். கோயிலு சொவத்துல இருபத்தாறு பேரு வெட்டி வச்சிக்கீறாங்கோ. ஒரே வூட்ல நாலு பேரு.

— அவியள எங்க பொதச்சிருக்கு?

— கல்லறத் தோட்டத்துலதான். கோயிலாண்ட.

— எங்க வீட்டுக்காரவளுக்குப் பக்கத்துல?

— பக்கத்துலதான். எத்தினி தபா சொல்லிக்கீறேன். வலது பக்கம் கல்லு ஒடைக்கிறவரு, எடது பக்கம் ஸ்கூல் டீச்சரம்மா. நடுவுல அண்ணன்.

— அந்தக் கவர் என்னது தம்பி? வந்ததுலருந்து மடக்கிக்கிட்டே இருக்கிய.

— ஒண்ணுமில்ல. கம்பெனி பேப்பரு.

— வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிருக்கு. ரெண்டு மணி ஷிப்டு பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி கெடக்கு. சொல்லுங்க.

— அந்த ஊரு ஆபீஸ்லருந்து வந்துக்கீது. மூணு வாரமாச்சு. எச்.ஆர்ல இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்தாங்கோ. எனக்குத்தான் எப்டி சொல்றதுன்னு தெரியல. அங்க குழி அஞ்சு வருசத்துக்குத்தானாம் அண்ணி. அதுக்கு மேல வேணும்னா வூட்டுக்காரங்க எழுதிக் குடுக்கணும். இல்லாங்காட்டி எடுத்துடுவாங்க.

— எத?

— எலும்ப.

— ம்.

— ஒண்ணும் ஆவாது. இதுல மூணு கட்டம் கீது பாருங்க. மொதோ கட்டத்துல டிக் போட்டு கையெழுத்துப் போட்டா இன்னும் முப்பது வருசத்துக்குத் தொட மாட்டானுங்க. மிச்சத்த கம்பெனி பாத்துக்கும், மேனேஜரு சொல்ட்டாரு. நீங்க கையெழுத்து மட்டும்.

— போன தடவையும் கையெழுத்துதான் வேணும்னாவ.

— அது நான் கேக்கல அண்ணி.

— உங்களச் சொல்லல. பனியில சைக்கிள் வழுக்கி செத்துட்டாவன்னு எனக்கு நாலு நா கழிச்சுத்தான் சொன்னாவ. நான் பிரசவத்துக்குக் கெடந்தேன். எங்க அண்ணன் கையெழுத்துப் போட்டு பேக்ஸ்ல அனுப்பிட்டான், அங்கேயே பொதச்சிருங்கன்னு. ஒரு வார்த்த என்னட்ட கேக்கல. இந்த ரெண்டாவது தாள் என்ன, படமா?

— அத்த வுடுங்க.

— டிராயிங் பாக்காமலா லைன்ல பார்ட்டு பேக் பண்ணுதேன். இது வாசல். சிலுவ போட்டிருக்கது கோயில். செவப்பு மையில சுழிச்சிருக்கது அவியளா?

— ம்.

— மதிலோட கடைசி மூலையில்லா இது. பக்கத்துல வேற குழின்னு ஒரு கட்டமும் இல்ல. எல்லாக் கட்டமும் அந்தப் பக்கம் கெடக்கு.

— இன்னா சொல்றது.

— உள்ளதச் சொல்லுங்க.

— அந்த வரிசைய அப்பத்தான் தொறந்தாங்கோ, வெளியாளுக்குன்னு. அப்பால யாரும் அந்தாண்ட வரல. கல்லு ஒடைக்கிறவரு, டீச்சரம்மா எல்லாம் மெய்யாலுமே கீறாங்கோ. ஆனா கோயிலாண்ட. நீங்க மொதோ தபா கேட்டப்போ புள்ள மடில பாலு குடிச்சிக்கினு இருந்துச்சு. வாய்ல வந்துடுச்சு.

— அஞ்சு வருசமா அதேதான் வாய்ல வந்துட்டு இருக்கு.

— திட்டுங்க அண்ணி.

— திட்டி என்ன செய்ய. பேரு போட்ட கல்லுன்னியளே, அது?

— மரப் பலக. இங்கிலீஷ்ல பேரு எழுதி நட்டோம். மழைக்கு நின்னுக்கீதோ இன்னாவோ. நீங்க மொதோ கட்டம் போட்டீங்கன்னா கம்பெனில கல்லு வச்சிடுவாங்க. அத்தயாவது மெய்யாக்கிடலாம்.

— மூணாவது கட்டம்?

— நாமளே எடுத்து இங்க கொண்டாறது.

— கொண்டாந்து? மாமனார் வீட்டுல என்னையவே வாசப்படி ஏத்தல. இந்த வாடக ரூம்ல வைக்கவா. ரெண்டாவத வாசிங்க.

— அது வாணாம். பொதுவுல போடறது. கோயிலுக்குப் பின்னால பூமிக்குள்ள கல்லு ரூம்பு மாரி ஒண்ணு கீது. நாளு முடிஞ்ச எலும்பெல்லாம் அதுக்குள்ளதான்.

— அதுல யாரு யாரு இருக்கா?

— ஊரே கீது. கல்லுக்குழி ஆளுங்கோ, அவங்க பொஞ்சாதிங்கோ, படகு ஓட்டுனவனுங்கோ. எரிச்சப்போ செத்தவங்களக் கூட அப்பால அதுலதான் சேத்தாங்களாம். எரநூறு வருசத்து சனம், ஒண்ணு மேல ஒண்ணா. அதான் வாணாம்ன்றேன். நாளைக்கி உங்க பொண்ணு வளந்து போய் நின்னா எது அப்பான்னு காட்ட முடியாது.

— பேனாவக் குடுங்க.

— தோ. இங்க அண்ணி, மொதோ கட்டம்.

— ரெண்டாவதுல போட்டிருக்கேன். கையெழுத்து சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க.

— இன்னா அண்ணி இப்டி பண்ட்டீங்க. தனியா ஒரு எடம் இருந்துச்சே அவருக்கு.

— தனியா படுத்தா அவியளுக்கு உறக்கம் வராது தம்பி.