கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தீர்மானம்

காலையில் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். எதிரில் இரண்டு பேர். ஒருவருக்கு வழுக்கை, இன்னொருவர் கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடிக்காரர்தான் ஆரம்பித்தார்.

“நம்ம கம்ப்யூட்டர் சங்கத்துக்கு வரலாறே இல்ல சார்.”

“வெள்ளி விழா மலர் நாளைக்கு அச்சுக்குப் போவுது. வரலாறுக்குன்னு நாலு பக்கம் விட்டு வெச்சிருக்கேன். இப்ப வந்து இல்லன்றீங்க?” என்றார் வழுக்கைக்காரர்.

“கூட்டத்துல பேசினது எல்லாம் ஃப்ளாப்பியில இருக்கு.”

“போட்டுப் பாக்கறதுதானே?”

“எதுல போடறது? மாடம்பாக்கம், அஸ்தினாபுரம்னு மெம்பர் வீடு பூரா ஏறி இறங்கிட்டேன். அதைப் படிக்கிற மெஷின் ஒருத்தர்கிட்டயும் இல்ல.”

“பேப்பர்ல ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாம்ல?”

“எப்படி வெக்கறது? இனிமே சங்கத்துல பேப்பரே கூடாதுன்னு முதல் கூட்டத்துலயே தீர்மானம் போட்டாச்சு. கொண்டுவந்ததே நீங்கதான்.”

வழுக்கைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான்தான்னு என்ன ஆதாரம்?”

கண்ணாடிக்காரர் பையிலிருந்து பழுத்துப்போன தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“அந்தத் தீர்மானம் மட்டும் பேப்பர்ல இருக்கு சார். உங்க கையெழுத்தோட.”

வழுக்கைக்காரர் அதை இரண்டு முறை படித்தார்.

“இதையே பெரிசு பண்ணி நாலு பக்கத்துக்கும் போட்டுடுங்க. கையெழுத்தை மட்டும் வெட்டிடுங்க.”