மூன்றாம் கூடத்துத் தாழ்ந்த ஜன்னல்

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைக் காவல் நிலைய ஆய்வாளர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். "பெருசு, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். நான் எழுதப் படிக்கக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. அதனால் நானே எழுதுகிறேன் என்று தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பெயர் படிவத்தின் தலைப்பில் உள்ளது. வயது எழுபத்தொன்று. தொழில் கொத்து வேலை. முகவரி, மாற்றுக் குடியிருப்பு, ஏழாம் மாடி. தனியாக வசிக்கிறேன். அதற்கு முந்தைய முகவரி தற்சமயம் சர்வதேசக் கட்டடக்கலைக் கண்காட்சியின் மூன்றாம் கூடத்தில் நிற்கிறது.

நேற்று காலை பத்து மணிக்கு, முதியவர்களுக்கு அனுமதி இலவசம் என்ற பலகையை நானே படித்து உள்ளே போனேன். அதன் பிறகு ஒவ்வொரு நாட்டின் பலகையாகப் படித்துக்கொண்டே மூன்றாம் கூடத்துக்கு வந்தபோது, அங்கே என் வீட்டு முன்சுவரைக் கண்டேன். எங்கள் தெருவை இடிக்க வரைபடம் போட்ட நிறுவனம், அதை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்திருந்தது. என்னைக் கேட்கவில்லை. அதன் பிறகு பக்கத்திலிருந்த பலகையை ஓர் எழுத்தும் தடுக்காமல் படித்து முடித்தேன். அந்தச் சந்தோஷத்தில் பொருள் பிறகுதான் தலைக்கு ஏறியது. "ஜன்னல் தரையிலிருந்து ஒரு முழத்தில் உள்ளது. அளவு அறியாத கைகளின் எளிய அழகு. கட்டியவர் தெரியவில்லை."

என் மனைவி கடைசி ஆறு வருடம் படுத்த படுக்கை. தெருவைப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் கண்மட்டத்துக்கு நூல் பிடித்து ஜன்னலை இறக்கி வைத்தேன்.

அதன் பிறகு கயிற்றைத் தாண்டிப் போய், ஜன்னலோரம் அவள் படுத்திருந்த இடத்தில் படுத்துப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. ஜன்னலுக்கு அப்பால் வெள்ளைச் சுவர் இருந்தது.

காவலுக்கு நின்ற பெண், "தாத்தா, எந்திரிங்க" என்றார்.

"இது என் வீடும்மா" என்றேன்.

"எல்லாருக்கும் அப்படித் தோணணும்னுதான் வச்சிருக்காங்க, தாத்தா" என்றார்.

அதன் பிறகு சட்டைப் பையிலிருந்த பென்சிலால் பலகையின் கடைசி இரண்டு வரிகளை அடித்து, "அளவு தெரியும். படுத்திருந்தவள் பார்க்க ஒரு முழம். கட்டியவன் நான்" என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதினேன். அதன் பிறகு நிறுவனத்துக்காரர் வந்தார். "பெரியவரே, நாளைக்குப் பரிசு நடுவர்கள் வர்றாங்க. மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, பலகையைத் துடைச்சிட்டுப் புகாரை வாபஸ் வாங்கிடறோம்" என்றார். நான் எழுதிக் கொடுக்கவில்லை.

சுவரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஏழாம் மாடியில் அதற்கு இடம் கிடையாது. மேலே எழுதியது முழுவதும் நடந்ததுதான்; யாரும் மிரட்டவில்லை, பிழைகளும் என்னுடையவையே. பென்சில் எழுத்தை அழிப்பது சுலபம் என்கிறார்கள். அழித்தால் அடுத்த வாரம் போய் மறுபடியும் எழுதுவேன்.

கையெழுத்து,
மேற்படி சுவரைக் கட்டிய கொத்தனார்