முப்பதடி ஆழம், மணல் தரை

முதல்முறை ஸ்கூபா டைவிங் போகிறவர்கள் அழகான பவளப்பாறைகளைத் தேடிப் போகக் கூடாது. நல்ல தரையைத் தேட வேண்டும். வெறும் மணலாக இருந்தால் உத்தமம். நீரோட்டம் இருக்கக் கூடாது. ஆழம் முப்பதடிக்குள் இருக்க வேண்டும். மீன்கள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. போன வருடம் அந்தமானுக்குக் கிளம்புவதற்கு முன் தொழிற்சாலையில் சிலர் என்னிடம் விவரம் கேட்டார்கள். அவர்களுக்கும் இதையேதான் சொன்னேன். திரும்பி வந்த பிறகு யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அது நல்ல யோசனைதான்.

என் பெயர் கோகுல்நாத். எருத்தேன்பதியில் எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. மெக்கானிக்கல் படித்தேன். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் காற்று சிலிண்டர்களின் அழுத்தத்தைச் சோதிப்பது என் வேலை. என் மனைவி நர்மதா என் தாய்மாமன் மகள். அந்தமானில் கடலில் இறந்தாள். விபத்து என்று அங்கே எழுதி முடித்துவிட்டார்கள்.

அங்கே நடந்ததை இந்த ஸ்டேஷனில் வந்து ஏன் சொல்கிறாய் என்று கேட்டீர்கள். கதை இங்கேதான் இருக்கிறது, சார். எனக்கு மலையாளம் தெரியும். இருந்தாலும் தமிழில் சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். அதற்காக சிஞ்சு மேடத்தை உட்கார வைத்திருக்கிறீர்கள். சக்குபள்ளத்தில் ஏலத்தோட்டத்துத் தமிழர்களோடு வளர்ந்தவராம். நான் சொல்லச் சொல்ல மலையாளத்தில் எழுதுகிறார். "நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கண்ணே, ஒண்ணும் விட்டுறக் கூடாது பாருங்க" என்றார். எனக்கும் அதுதான் வேண்டும்.

எங்கள் பக்கம் கடல் இல்லை. பிள்ளைகள் நீச்சல் பழகுவது தோட்டத்துக் கிணற்றில்தான். இடுப்பில் காலி கேனைக் கட்டி இறக்கிவிடுவார்கள். நாலு நாளில் கேனை அவிழ்த்துவிடுவார்கள். எனக்குக் கடைசிவரை அவிழ்க்கவில்லை. நர்மதாவுக்குக் கட்டியதே இல்லை. மேட்டிலிருந்து குதித்து, முங்கி, அடியிலிருந்து சேறு அள்ளிக்கொண்டு வந்து காட்டுவாள். தம் கட்டுவதில் அவளை மிஞ்ச ஊரில் ஆளில்லை. கிணற்றில் முங்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேலே இழுத்துக்கொண்ட மூச்சைத் தலை வெளியே வரும்வரை விட மாட்டார்கள். உயிரே போனாலும் விட மாட்டார்கள். சின்ன வயதில் உடம்பு படித்துக்கொண்டது அது. மறக்காது.

எனக்குப் பன்னிரண்டு வயது. அவளுக்குப் பத்து. கிணற்றுப் படியில் வழுக்கி உள்ளே போனேன். அவள் பின்னாலேயே குதித்து, என் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்து வந்தாள். "ஒண்ணுமில்லீங் மாமா, புடிச்சுட்டேன்" என்றாள். மேட்டில் உறவுக்காரர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் திருவிழா, நோம்பி நாள் அது.

நடந்தது இவ்வளவுதான். ஊர் அதை விடவில்லை. கல்யாணத்தில் அவள் அண்ணன் மோகனசுந்தரம் மைக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாப்ள, தாலி கட்டறப்போ ரொம்பக் குனியாதீங்க. முடி கைக்குச் சிக்குனா எம்பட தங்கச்சி தூக்கீருவா" என்றான். மண்டபம் முழுக்கச் சிரித்தது. முடி மாப்பிள்ளை என்பது என் பெயராகிவிட்டது. தேங்காய் ஏற்ற வரும் லாரிக்காரர்கள்கூட அதைச் சொல்லித்தான் வீட்டுக்கு வழி கேட்பார்கள். நான் பன்னிரண்டு வயதிலிருந்தே முடியை ஒட்ட வெட்டிக்கொள்கிறேன். வெயிலுக்கு அது வசதி.

நர்மதா அந்தக் கதைக்குச் சிரிக்க மாட்டாள். யாராவது ஆரம்பித்தால், "உடுங்கண்ணா, வேற பேச்சே இல்லீங்களா" என்று எழுந்து போய்விடுவாள். அதனால் எனக்கு அந்த வீட்டில் இருக்க முடிந்தது.

மோகனசுந்தரத்தின் மகள் தமிழ்ப்ரியாவுக்குப் போன வருடம் காதுகுத்து நடந்தது. விருந்து முடிந்து எல்லோரும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம். குழந்தை தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று அழுதது. நர்மதா அதை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"பயப்படாத கண்ணு. உங்க மாமாவும் பயந்தவருதான். கரையேறி எல்லாரும் போனதுக்கு அப்புறம் எங்காலக் கட்டிக்கிட்டு, நா அழுதத யாருகிட்டயும் சொல்லீராத நர்மதான்னாரு. இப்பப் பாரு, எத்தாப் பெரிய இஞ்சினீரு."

என் தோளில் கை வைத்துக்கொண்டுதான் சொன்னாள். பெருமையாகச் சொன்னாள். அந்தக் கடைசிப் பகுதி அதுவரை எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். மோகனசுந்தரம் உடனே என் காலைத் தொட்டு, "மாப்ள, என்ற காலு வேணும்னாலும் சொல்லுங்க" என்றான். சிரிப்பு அடங்க நேரமானது. குழந்தை குதித்துவிட்டது. நல்ல விஷயம்.

அந்த வாரம்தான் டைவிங் இடங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நர்மதா லட்சத்தீவுக்குப் போகலாம் என்றாள். கொச்சியிலிருந்து பக்கம். அங்கே மலையாளம் பேசுவார்கள், தனக்கும் புரியும் என்றாள். அனுமதி வாங்குவது தொல்லை என்றேன். அந்தமான் என்றதும் அதற்கும் சந்தோஷப்பட்டாள். அவள் எதற்கும் சந்தோஷப்படுவாள்.

அந்தத் தீவில் தமிழ் தாராளமாகப் புழங்குகிறது. கடற்கரையில் முதல் டைவிங் கடையிலேயே தூத்துக்குடிக்காரர் ஒருவர் பயிற்றுநராக இருந்தார். "வாங்கக்கா, நம்ம ஊரா" என்று நர்மதாவிடம் பேச ஆரம்பித்துவிட்டார். கருவிகள் பழையவை என்று அவளிடம் சொல்லி வெளியே கூட்டி வந்தேன். கருவிகள் புதியவைதான். நாலாவது கடையில் ப்ரணய் என்று புனேக்காரர் ஒருவர் இருந்தார். ஆங்கிலமும் இந்தியும் பேசினார். நர்மதாவுக்கு இந்தி தெரியாது. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். யாராவது வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. மற்ற கடைகளில் ஆளுக்கு ஒரு பயிற்றுநர் கூட வருவார். அன்று ப்ரணயுடன் வேறு ஆள் இல்லை. இருவரையும் தானே கூட்டிப் போவதாகச் சொன்னார். நான் சம்மதித்தேன்.

மூன்று இடங்களைப் படத்தில் காட்டினார். ஒன்றில் பாறைச் சுவர், ஆமைகள். ஒன்றில் மூழ்கிய படகு. மூன்றாவதில் ஒன்றுமில்லை. மணல், நடுவில் ஒரு பாறைத் திட்டு. நர்மதா ஆமை பார்க்க வேண்டும் என்றாள். அடுத்த முறை பார்க்கலாம் என்று மணலைக் காட்டினேன். இவ்வளவு கவனமான கணவரைப் பார்த்ததில்லை என்று ப்ரணய் பாராட்டினார். மணல் தரையில் ஆட்களை முட்டிபோட வைத்துவிட்டுப் பயிற்றுநர் கையை விடலாம். கையை விட்டால்தான் தள்ளி நின்று வீடியோ எடுக்க முடியும். ஜோடியாக ஒரு வீடியோ வேண்டும் என்று முன்பே கேட்டிருந்தேன். அங்கே ஆழம் முப்பதடி. மழைக்காலத்தில் எங்கள் கிணற்றில் நிற்கும் தண்ணீரும் அவ்வளவுதான்.

படகில் போகும்போது ப்ரணய் விதிகளைச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். வாயால் மட்டும் மூச்சு விட வேண்டும். காது அடைத்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும். ஆபத்து என்றால் இப்படிக் கையைக் காட்ட வேண்டும். எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கடைசியாக அவர் நெஞ்சில் கை வைத்து ஒரு விதியை மூன்று முறை சொன்னார். எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதே. மேலே வரும்போது அடக்கவே அடக்காதே.

அது எனக்கு அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிலிண்டர் காற்றை முப்பதடியில் இழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று நெஞ்சுக்குள் இரண்டு மடங்காக விரியும். வாய் மூடியிருந்தால் போக இடமில்லை. நுரையீரல் கிழியும். கிணற்றில் அது நடக்காது. மேலே இழுத்த மூச்சு மேலே வந்ததும் பழைய அளவுக்கே வரும். தண்ணீர் ஒன்றுதான். காற்று வேறு.

ப்ரணய் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். வாயில் இருப்பதைக் கடித்துப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று நர்மதாவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். ப்ரணய் திருப்தியாகச் சிரித்தார்.

கீழே நன்றாக இருந்தது. வெளிச்சம் மணலில் வலைபோல அசைந்தது. நர்மதா ஒரு சிப்பியை எடுத்து என் கையில் வைத்தாள். கண்ணாடிக்குள் அவள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன. ப்ரணய் எங்களை முட்டிபோட வைத்து, கையை விட்டு, கேமராவுடன் பின்னால் நகர்ந்தார்.

அப்போது நான் தொண்டையைப் பிடித்துக்கொண்டேன். காலை உதைத்தேன். கண்களை உருட்டினேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடிவை நான் அவளிடம்தான் விட்டேன். அவள் பயந்து ப்ரணய் பக்கம் போயிருக்கலாம். ஒரே ஒரு முறை என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் பிழைத்திருப்பாள். நானும் அவளை மன்னித்திருப்பேன்.

அவள் கை முதலில் என் தலைக்குத்தான் வந்தது. பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. என் டைவிங் உடுப்பின் கழுத்துப் பட்டையைப் பிடித்தாள். மணலை ஓங்கி உந்தினாள். நான் அண்ணாந்து, வழி நெடுக மூச்சை விட்டுக்கொண்டே போனேன். அவள் தம் கட்டியிருந்தாள்.

வெளியே வந்ததும் வாய்க்குழாயைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "ஒண்ணுமில்லீங் மாமா, புடிச்சுட்டேன்" என்றாள். பாதிச் சொல்லில் நாக்கு குழறியது. பிறகு வாயோரம் சிவப்பாக நுரை வந்தது. படகில் என் மடியில் தலை வைத்திருந்தாள். கரைக்குப் போகும்வரை என் கழுத்துப் பட்டையை விடவில்லை. விரல்களைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ப்ரணயிடம் விசாரித்தார்கள். அவர் வேலை போய்விட்டது. எல்லா விதியையும் சொன்னேன், கணவர்தான் மொழிபெயர்த்தார் என்று அவர் சொன்னார். ஆமாம், எல்லாம் சொன்னேன் என்றேன். வீடியோவைப் பார்த்தார்கள். நான் திணறுவதும் அவள் என்னைத் தூக்கிக்கொண்டு போவதும் அதில் இருக்கிறது. என் வாயிலிருந்து குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். அவள் வாயிலிருந்து ஒன்றுகூட வராது. அதைத் தவிர அதில் பார்க்க எதுவும் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்து அழுதார்கள்.

அந்த வீடியோ இங்கே எல்லோருடைய போனிலும் இருக்கிறது. கோழிப்பாறைச் சந்தையில் தெரியாத ஆட்கள் என்னைக் காட்டி, இவனுக்காகத்தான் என்கிறார்கள். இரண்டு முறை உயிர் கொடுத்தவள் என்கிறார்கள். கிணற்று மேட்டில் அவளுக்குக் கல் நடப்போகிறார்கள். மோகனசுந்தரம் இப்போது கேலி பேசுவதில்லை. நேற்று வீட்டுக்கு வந்து, கல்லில் என்ன எழுதுவது என்று கேட்டான். அவன் என் தலையில் கை வைத்து அழுதான்.

"ரெண்டாவது தடவையும் உங்களக் காப்பாத்தத்தானுங்க மாப்ள போனா. அதையே எழுதிரலாமுங்க."

அதனால்தான் இன்று வந்தேன்.

சிஞ்சு மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். "அந்தக்கா ஒங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலையாண்ணே?" என்கிறார்.

கேட்டாள். ஒரு வாக்கியத்தை விட்டதுதான் என் குற்றம் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. படகு விளிம்பில் உட்கார்ந்து, கடைசியாக வாய்க்குழாயைப் பொருத்துவதற்கு முன் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க மாமா, மேல வரைல மூச்ச என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள்.

"நம்ம கெணத்துல வர்ற மாட்டந்தான். தம் கட்டி ஒரே உந்து" என்றேன்.

நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள். எந்தச் சட்டமோ, எத்தனை வருடமோ, எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் இதையும் சேர்த்து எழுத வேண்டும். அன்று நான் மூழ்கவில்லை. எனக்கு மூச்சு நன்றாக வந்துகொண்டிருந்தது. என்னை யாரும் காப்பாற்றவில்லை.

மேடம், அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள்.