சோழனின் கடைசிக் காட்சி

இந்த அவையை அழகுற நடத்தும் தலைவி அனந்தலக்ஷ்மி அம்மையார் அவர்களே! பனிக்குளிரையும் பாராமல் பிஸ்கட்டவே நகர அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் நாவில் தமிழை வாழவைக்கும் தாய்மார்களே! டெக்சாசிலிருந்து வந்திருக்கும் எளியேனின் வணக்கம்.

சோழப் பேரரசைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். எதைப் பேசுவேன்? தஞ்சையில் வான்தொட்ட விமானத்தையா? கலம் செலுத்தி, கடல் கடந்து, கடாரம் வென்ற காவலனையா? கங்கை நீரைக் கொணர்ந்து கடல்போல் வெட்டிய ஏரியையா?

கைதட்டுகிறீர்கள். தட்டுங்கள்! ஆனால் அந்தப் பேரரசு விழுந்ததே, அதற்கு யார் கைதட்டுவது?

சென்ற ஆண்டு எங்கள் ஊரான ரவுண்ட் ராக் தமிழ்ப் பள்ளியில் இந்தக் கேள்வி பெரும் சண்டையாயிற்று. ஆசிரியை சண்முகப்ரியா சோழ நாடகம் எழுதினார். எழுச்சியும் இருந்தது, வீழ்ச்சியும் இருந்தது. விழாக்குழுத் தலைவர் கிட்டுசாமி, எங்கள் கோவைக்காரர், கொதித்தார்.

"ஏனுங்க டீச்சர், கடாரத்தை ஜெயிச்சதோட முடிச்சுப்போடுங்க. தோத்த கதைய எதுக்குங்க காட்டோணும்? அந்த சீனை கட் பண்ணுங்க, இல்லீன்னா டிராமாவே வேண்டாம்."

"அந்த ராஜ்யம் இப்ப எங்கன்னு பசங்க கேட்டா என்ன அங்கிள் சொல்றது?"

காட்சி தப்பியது. ஆனால் தோற்ற மன்னனாக நடிக்க ஆள் இல்லை. எல்லோருக்கும் ராஜராஜன் வேடம்தான் வேண்டும்! சிரிக்கிறீர்கள், நீங்களும் அதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

அப்போது எழுந்தார் பேரின்பநாதன். யாழ்ப்பாணத்து மனிதர், இதய மருத்துவர், அதிகம் பேசாதவர்.

"அந்தக் கடைசி அரசனை நான் நடிக்கிறன், தங்கச்சி. ஊர் போன பிறகும் மனுசன் விடிய எழும்பி வேலைக்குப் போகத்தானே வேணும்? அது எனக்குத் தெரியும்."

 கிட்டுசாமியே அந்த வேடத்துக்கு நேராக அவர் பெயரை எழுதினார்.

நாடக நாள் வந்தது. கடைசிச் சோழன் மூன்றாம் இராசேந்திரனாகப் பேரின்பநாதன் நின்றார். பாண்டியர் படை வென்றது என்று தூதன் சொன்னான். முடியைக் கழற்றினார். "இனி நாம் யார், அரசே?" என்று அமைச்சர் கேட்டார்.

அவர் பேசவில்லை. வசனம் மறந்துவிட்டதென்று நினைத்தோம். திரைக்குப் பின்னாலிருந்து சண்முகப்ரியா வரியை எடுத்துக்கொடுத்தார். பேரின்பநாதனின் கண்கள் கலங்கின. பிறகு, எழுதிக்கொடுக்காத ஒன்றைச் சொன்னார்:

"வயல் காய்கிறது, அமைச்சரே. ஏரியின் மடையைத் திறக்க வேண்டும். அதற்கு அரசன் தேவையில்லை. மக்கள் இருக்கிறார்கள்."

 அப்போது அரங்கிலிருந்து ஒரு குரல் கேட்டது. அவருடைய மகள் ரூபிகா! தகப்பன் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை, இருக்கையை விட்டு எழுந்து தமிழிலேயே கேட்டாள்.

"அப்பா, அந்த ஏரி இன்னும் இருக்கா?"

அரசனாக நின்றவர் அப்பாவாகிவிட்டார்.

"இருக்குது பிள்ளை. இருக்குது."

ஆம், இருக்கிறது! அரண்மனை மண்ணாயிற்று, ஏரி இருக்கிறது. அரியணை அழிந்தது, ஆலயம் இருக்கிறது. ஆணையிட்ட அரசர் இல்லை. அவர்கள் ஆணையிட்ட மொழி இதோ, இந்த ஒலிபெருக்கியில் இருக்கிறது!

மேடையேறிய கிட்டுசாமி, பேரின்பநாதனின் கையை விடவே இல்லை.

"டாக்டர், நான் கதைய பாதியில நிறுத்தப் பாத்தனுங்க. வர்ற வருசம் சோழர் பாடத்தை நானே எடுக்கறனுங்க. தோத்ததையும் சேத்தித்தானுங்க."

இன்று ஞாயிறுதோறும் எடுக்கிறார்.

தோழர்களே, வென்றதை மட்டும் சொல்பவனுக்கு இருப்பது பெருமிதம் அல்ல, பயம். விழுந்ததையும் சொல்லிவிட்டு நிமிர்ந்து நிற்கிறோமே, அதுதான் பெருமிதம்! பேரரசு இல்லாமல் எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் பேசியிருக்கிறோம், பாடியிருக்கிறோம், கடல் கடந்திருக்கிறோம். எந்தப் படை நம்மை இங்கே கொண்டுவந்தது? எந்த மன்னன் இந்த அரங்கை நிரப்பினான்? நீங்கள் நிரப்பினீர்கள்! நீங்கள்!

நின்று கேட்டவர்களுக்கும், மடியில் தூங்கிய மழலைகளுக்கும் என் நன்றி. தலைநிமிர்ந்து வாழுங்கள். வணக்கம்!