ஃபாரோ இரண்டாம் பாகம் பற்றி என் கருத்து

படத்தின் முதல் பாதி நன்றாகவே இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஏதோ வன்மத்தில் பேசுகிறேன் என்று நினைத்துக்கொள்வீர்கள். துறைமுகச் சண்டை பிரமாதம். சரக்குப் பெட்டகங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழ, ஃபாரோ தன் உடம்பிலிருந்து ஒளியைப் பாய்ச்சி மாலுமிகளுக்கு வழி காட்டுகிறானே, அந்தக் காட்சிக்காகவே இன்னொரு முறை டிக்கெட் வாங்கலாம். நான் வாங்கினேன்.

இந்த மாதிரிப் படங்கள் பார்ப்பதில்லை என்று சொன்னீர்கள், மேடம். பரவாயில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபாரோ ஒரு கலங்கரை விளக்கக் காவலாளி. விபத்து ஒன்றில் விளக்கின் ஒளி முழுவதும் அவன் உடம்புக்குள் இறங்கிவிடுகிறது. அதை வெளியே விடும்போதெல்லாம் அவனுடைய பார்வை கொஞ்சம் மங்கும். அதாவது, ஒருவரைக் காப்பாற்றுகிற ஒவ்வொரு முறையும் தன் கண்ணிலிருந்து எடுத்துக் கொடுக்கிறான். அப்படிப்பட்டவன் வேடிக்கை பேசிக்கொண்டு திரிய மாட்டான். முதல் பாகத்தின் முடிவில் அவன் முழுக்கக் குருடாகிப் பாறைமேல் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பான்: "கடல்ல இன்னும் யாராவது இருக்கீங்களா?"

ஆங்கிலத்தில் அந்த அமெரிக்க நடிகர் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். சுமார்தான். எங்கள் ஸ்பானிஷில் ஃபாரோவுக்குக் குரல் கொடுப்பவர் தோன் தாச்சோ, அவர் சொன்னார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் மூச்சை வெளியே விட்டுவிட்டு, காலியான நெஞ்சோடு அந்தச் சொல்லைச் சொன்னார். வட எல்லையிலிருந்து தெற்குக் கோடி படகோனியா வரை அந்தக் குரலைத் தெரியாதவர் இல்லை. எங்களுக்கெல்லாம் ஃபாரோவின் முகம் யாருடையதாகவோ இருக்கலாம், ஆள் தோன் தாச்சோதான். அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பாத்திரத்துக்கு ஒருமுறை குரல் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரை அதை வேறொருவர் தொடுவதில்லை.

நர்வார்த்தே பகுதியில் இருக்கும் டப்பிங் ஸ்டுடியோவில் நான் ஒலிப்பதிவாளன். வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். படத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்திருப்போம். நடிகர் கண்ணாடி அறைக்குள் தனியாக நிற்பார். ஒரு காதில் மூலக் குரல் ஓடும், எதிரே திரை. இந்தப் பக்கம் நானும் இயக்குநர் நீதியாவும். சொல்லின் அர்த்தம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, வாயில் உட்கார வேண்டும். ம, ப மாதிரி உதடு மூடும் எழுத்துகள்தான் இதில் எஜமானர்கள். திரையில் உதடு மூடியிருக்கும் நேரத்தில் காதில் 'ஆ' என்று விழுந்தால், பார்ப்பவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் எரிச்சல் வரும். படத்தை நம்புவதை நிறுத்திவிடுவான். நல்ல டப்பிங் என்பது அது டப்பிங் என்று யாருக்கும் தோன்றாமல் இருப்பது. என் கண் இந்த விஷயத்தில் தப்பாது. நீதியாவைக் கேட்டுப் பாருங்கள்.

சரி, இரண்டாம் பாதிக்கு வருகிறேன். ஃபாரோவின் தம்பி தோபியாஸ் படகுத்துறையில் அவன் மடியில் சாகிறான். குருடனான அண்ணன் தம்பியின் முகத்தை விரலால் தடவிப் பார்க்கிறான். நெற்றி, மூக்கு, வாய். இசை இல்லை, அலைச் சத்தம் மட்டும். தியேட்டரில் பாப்கார்ன் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. அப்போது ஃபாரோ வாயைத் திறந்து, "புவெஸ் நி மோதோ, கொம்பாத்ரே" என்கிறான்.

நாம் தினமும் சொல்வதுதான். பஸ் போய்விட்டால் சொல்வோம். கடையில் ரொட்டி தீர்ந்துவிட்டால் சொல்வோம். நம் அணி தோற்றால் சொல்வோம். சரி விடு மச்சான், என்ன பண்றது. அதைத் தம்பியின் பிணத்தைப் பார்த்து ஃபாரோ சொல்கிறான்.

தியேட்டர் முழுக்கச் சிரித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஆள் அந்த வரியைத் தன் மனைவியிடம் திருப்பிச் சொன்னான். அவள் அவன் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். தோபியாஸ் இன்னும் திரையில் செத்துக் கிடந்தான்.

எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். நான் கத்துகிறவன் இல்லை. எழுந்து வெளியே வந்து, கை கழுவிவிட்டு, மறுபடி உள்ளே போய் மீதிப் படத்தையும் பார்த்தேன். மீதியும் சரியில்லை, ஆனால் அதெல்லாம் மன்னிக்கக்கூடியது.

அந்த வரி ஊர் முழுக்கப் பரவியது. ஸ்டுடியோ வாசலில் தமால், அந்தச் சோளமாவுக் கொழுக்கட்டை, விற்கும் அம்மாள் சில்லறை இல்லாவிட்டால் ஃபாரோ குரலில் அதைச் சொல்ல ஆரம்பித்தாள். மினிபஸ் கண்ணாடிகளில் ஸ்டிக்கராக ஒட்டினார்கள். தோன் தாச்சோவிடம் பிறந்தநாள் வாழ்த்துப் பதிவு கேட்டு வருபவர்கள் முன்பெல்லாம் கடல் வரியைத்தான் கேட்பார்கள். சிலர் கேட்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன். இப்போது எல்லோருக்கும் இதுதான் வேண்டும். அவரும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தார்.

அவருக்கு ஒரு வாய்ப்பும் கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். காபி போடும் இடத்தில் ரொட்டிக்குள் தமாலை வைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னடா எலிசெயோ, மூஞ்சிய ஏன் நனைஞ்ச தரைத்துணி மாதிரி வச்சிருக்க?"

"படம் பாத்தேன், தோன் தாச்சோ."

"பாத்தியா? தியேட்டரு கூரை பிச்சுக்குதாமே! எங்க மாப்பிள்ளை, ஜென்மத்துல என்னைப் பாத்துச் சிரிக்காத மனுஷன், அவரே போன் பண்ணாரு."

"தம்பி சாகுறப்ப சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுமே. அழறதுக்கு அவங்கவங்க வீட்லயே ஆயிரம் இருக்கு. இதுக்கு டிக்கெட் வேற எடுக்கணுமா?" விரலை நக்கிக்கொண்டே என் முதுகில் தட்டினார். "எல்லாம் உன் புண்ணியம்டா, ராசா."

இப்படி யாரைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லித் தட்டிக்கொடுப்பது அவர் பழக்கம். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

"ஃபாரோ அப்படிப் பேச மாட்டான், தோன் தாச்சோ."

"ஃபாரோவா?" அவர் சிரித்தார். வாயில் இன்னும் தமால் இருந்தது. "ஃபாரோ நான்தான்டா, மடப்பயலே. நான் என்ன பேசுறனோ அதத்தான் அவன் பேசுவான்."

அவர் சொன்னது உண்மை. நான் பல நாள் யோசித்தும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. மூன்றாம் பாகம் வரப்போவது எல்லோருக்கும் தெரியும். நீதியா ஒருநாள் கணினியிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னாள்: "இந்தத் தடவ அந்த மாதிரி வரி நெறைய வேணுமாம். தாத்தாவ அவுத்து விடுங்கன்னு சொல்றாங்க." அவளுக்குச் சந்தோஷம்தான். தயாரிப்பாளர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், மரியாதையாகத்தான். பதில் வரவில்லை.

இப்போது என் இடத்தில் இருந்து பாருங்கள், மேடம். வேறொருவர் குரல் கொடுத்தால் அது ஃபாரோ இல்லை. தோன் தாச்சோ கொடுத்தால் அது ஃபாரோதான், ஆனால் ஒவ்வொரு வரியிலும் தன்னைத் தானே அசிங்கப்படுத்திக்கொள்ளும் ஃபாரோ. இரண்டும் கூடாது என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அவர் உயிரோடு இருந்து குரல் மட்டும் இல்லாவிட்டால் முதல் பாகம் முதல் பாகமாகவே நின்றுவிடும். அதற்குமேல் யாரும் அதன்மேல் எச்சில் துப்ப முடியாது. அவரைக் கொல்ல நான் ஒருபோதும் நினைக்கவில்லை. அவருடைய உயிரோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை.

சின்ன வயதில் எனக்கு ஏதாவது நடந்ததா என்று கேட்டீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. நல்ல வீடு, நல்ல பெற்றோர்.

குரல் கொடுக்கிறவர்கள் எல்லோரிடமும் தேனீப் பிசின் மருந்து இருக்கும். சந்தையில் விற்கும், பழுப்பு நிறச் சின்னப் புட்டி, தொண்டைக்குள் பீய்ச்சிக்கொள்வது. தோன் தாச்சோவின் புட்டி கண்ணாடி அறையில் வசனத் தாங்கியின் ஓரத்திலேயே நிற்கும். கஷ்டமான வரி வருவதற்கு முன் தலையைப் பின்னால் சாய்த்து இரண்டு முறை அடித்து, மூச்சை உள்ளே இழுப்பார். அந்த இழுப்பு மைக்கில் விழும், நான்தான் எப்போதும் வெட்டி எடுப்பேன். மற்றவர்கள் விழுங்குவார்கள். அவர் குரல்வளை வரை இழுப்பார். இந்த வித்தியாசம் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். புட்டியில் நான் என்ன ஊற்றி வைத்தேன் என்பதை உங்கள் ஆய்வகம் சொல்லிவிட்டது. அது சரிதான்.

அன்று காலை மூன்றாம் பாகத்தின் முன்னோட்டத்துக்குப் பதிவு. அவர் உற்சாகமாக இருந்தார்.

"அந்தப் பக்கம் உசுரோட இருக்கியாடா? பேச்சையே காணோம்."

"இருக்கேன், தோன் தாச்சோ. மைக் அளவு பாக்கணும், ஏதாவது சொல்லுங்க."

வழக்கமாக அவர் கெட்ட வார்த்தைகளை வரிசையாகச் சொல்வார், நீதியா திட்டுவாள். அன்று ஏனோ கடல் வரியைச் சொன்னார். மூச்சை விட்டுவிட்டு, காலி நெஞ்சோடு, அப்படியே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. என் விரலுக்கு நேர் கீழே அவரோடு பேசும் பொத்தான் இருந்தது. அதை அழுத்தி, புட்டியைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் ஒலி அளவு காட்டும் முள்ளைப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. "போலாம்" என்றேன்.

அவர் தலையைச் சாய்த்தார். இரண்டு முறை அடித்தார். இழுத்தார்.

அந்த மைக் மிக நுட்பமானது. சட்டைப் பொத்தான் உரசினாலும் பிடித்துவிடும். அதனால் ஒலி சிதறிவிடக் கூடாதென்று அளவைக் குறைத்தேன். கை தானாகவே போனது. நீதியா கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினாள். "ஆம்புலன்ஸ கூப்பிடு! எலிசெயோ, என்னடா பாத்துட்டு உக்காந்திருக்க!" என்று அவள் கத்தியது பதிவில் தெளிவாகக் கேட்கும். கூப்பிட்டேன். நான்தான் கூப்பிட்டேன்.

கழுத்தில் துளை போட்டிருக்கிறார்கள், அதன் வழியாக மூச்சு விடுகிறார், இனி பேச மாட்டார் என்றீர்கள். வருத்தமான விஷயம்தான். ஆனால் அந்தக் குரல் கடைசியாகச் சொன்னது எந்த வரி என்று யோசித்துப் பாருங்கள். பார்க்கப்போனால் அவருக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேன்.

சற்றுமுன் நீங்கள் எனக்குப் போட்டுக் காட்டிய பதிவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இரண்டாம் பாகத்தின் பதிவு, தோபியாஸ் சாகும் துண்டு. ஸ்டுடியோவில் எல்லாவற்றையும் சேமித்து வைப்போம், வீண் பேச்சு உட்பட. முதலில் தோன் தாச்சோ "தூங்கு தம்பி" என்றுதான் சொல்கிறார். வசனத்தில் அதுதான் இருந்தது. நன்றாகவும் சொல்கிறார், நான் இல்லை என்று சொல்லவில்லை. அடுத்து ஒரு குரல், "நல்லாருக்கு, ஆனா வாயில உக்காரல. அவன் உதடு மூணு எடத்துல மூடுது. உங்களுக்கு ஒரு எடத்துலதான் மூடுது" என்கிறது. அவர் மறுபடி சொல்கிறார். மறுபடியும் உட்காரவில்லை. இப்படியே போகிறது. கடைசியில் அலுத்துப்போய், "புவெஸ் நி மோதோ, கொம்பாத்ரே" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்த்துச் சொல்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நீதியாவுக்கு போன் வருகிறது. "எது வாயில உக்காருதோ அத வச்சிரு, எலிசெயோ, நான் இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போகிறாள்.

"அடேய், அது வெளையாட்டுக்குடா," என்கிறார் தோன் தாச்சோ. "அத வச்சுத் தொலைச்சுடாத. செத்துக்கெடக்குறவன் மேல ஒண்ணுக்குப் போன மாதிரி இருக்கும். இன்னொண்ணு தரேன், இரு."

"வேணாம், தோன் தாச்சோ. இது அச்சு அசலா உக்காந்திருக்கு. நீங்க கெளம்புங்க."

அது என் குரல்தான், மறுக்கவில்லை. மறந்தே போயிருந்தேன். அந்த நேரத்தில் நான் அர்த்தத்தைக் கேட்பதில்லை, மேடம், உதட்டை மட்டும்தான் பார்ப்பேன். நீங்களும் ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று, மூன்று இடத்திலும் உதடு எவ்வளவு அழகாக மூடுகிறது என்று உங்களுக்கே தெரியும். மேலிடத்தில் கேட்டவர்களும் சிரித்துவிட்டு ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். இதில் என் வேலையில் என்ன குறை சொல்ல முடியும்? வேண்டாம் என்று அவர்தான் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும்.