ஒரு பென் டிரைவ் தூரத்தில்

சாயக்காரி: அய்யய்யோ, என்னக்கா பண்ணீங்க? கம்ப்யூட்டர் செத்துப் போச்சா?

அக்கா: சாகல. நான்தான் அணைச்சேன். நீ சாப்பிடப் போகல?

சாயக்காரி: போகணும்... இந்த ரெண்டு கட்டுப் பல்லுக்கும் நிறம் ஒத்துப்போகுதான்னு வெளிச்சத்துல பார்க்கலாம்னு...

அக்கா: ஜன்னலே இல்லாத ரூம்லயா வெளிச்சம் தேடி வந்த?

சாயக்காரி: டியூப்லைட் இருக்கே. அதை விடுங்க, சாப்பாட்டு நேரத்துல நீங்க இங்க என்ன பண்றீங்க? இது பில் போடற கம்ப்யூட்டர். கெட்டுப் போச்சுன்னா முதலாளி குத்தற குத்துல உங்களுக்கே பல்செட் செய்ய வேண்டி வரும்.

அக்கா: அவர்கிட்ட கேட்டுட்டுதான் உக்காந்தேன். அரை மணி நேரம்னேன். சரின்னுட்டார்.

சாயக்காரி: மறுபேச்சு இல்லாமயா? நான் ஒரு நாள் சீக்கிரம் போகணும்னா மூஞ்சியை எட்டு முழத்துக்கு நீட்டுவார். மெழுகுல பல் செதுக்கறவளுக்குக் கிடைக்கிற மரியாதை, சாயம் பூசறவளுக்கு ஏது?

அக்கா: வாயை மூடுடி. இந்த இடத்துல இதைச் சொருகணும்... ம்... இந்தப் பொத்தானை அமுக்கிக்கிட்டே ஆன் பண்ணணும்...

சாயக்காரி: பென் டிரைவா? நகத்தளவுதான் இருக்கு. படமா?

அக்கா: படமில்ல. முழு கம்ப்யூட்டரே இதுக்குள்ளதான் இருக்கு.

சாயக்காரி: எந்தக் கம்ப்யூட்டர்?

அக்கா: என்னோடது. இந்தப் பெட்டியிலேர்ந்து திரையும் கீபோர்டும் மட்டும் கடன் வாங்கிக்குவேன். பாரு... வருது.

சாயக்காரி: ஏ... முதலாளி பேரன் போட்டோ எங்க? பில் எல்லாம் எங்க? அழிச்சுட்டீங்களா?

அக்கா: கத்தாத. அது எல்லாம் உள்ள தூங்குது, நான் தொடக்கூட இல்ல. இது வேற வீடு. கொஞ்சம் திரும்பிக்கோ.

சாயக்காரி: ஏன்?

அக்கா: பாஸ்வேர்டு. ஏழு வார்த்தை அடிக்கணும்.

சாயக்காரி: ஏழா! என் போன்ல நாலு நம்பர் போடறதுக்கே நான்... சரி, திரும்பிட்டேன். எங்க எழுதி வெச்சிருக்கீங்க?

அக்கா: எங்கயும் இல்ல. தலைக்குள்ள.

சாயக்காரி: மறந்துட்டா?

அக்கா: போச்சு. எனக்கும் இல்ல, வேற யாருக்கும் இல்ல. போலீஸ், கோர்ட்டு, இதைச் செஞ்சு கொடுத்த புண்ணியவான்... யார் வந்தாலும் திறக்காது. ம், இப்போ பார்க்கலாம்.

சாயக்காரி: எங்க அம்மா பீரோ சாவியை இடுப்புல கட்டிக்கிட்டுத் தூங்குவாங்க. அதையே எங்க அண்ணன் எடுத்துடுவான்... இது என்ன, சுத்திக்கிட்டே இருக்கு?

அக்கா: நெட்டுக்குப் போகுது. நேரா போகாது, மூணு பேர் கை மாறிப் போகும். முதல் ஆளுக்கு நான் எங்கேர்ந்து வர்றேன்னு தெரியும், எங்க போறேன்னு தெரியாது. கடைசி ஆளுக்கு எங்க போறேன்னு தெரியும், யாருன்னு தெரியாது. நடுவுல இருக்கறவனுக்கு...

சாயக்காரி: ரெண்டும் தெரியாது. எனக்கும் என் மாமியாருக்கும் நடுவுல என் வீட்டுக்காரர் மாதிரி.

அக்கா: கிட்டத்தட்ட அதேதான்.

சாயக்காரி: இவ்வளவு பத்திரம் எதுக்குக்கா? நகைக்கடையா நடத்துறீங்க?

அக்கா: அவருக்குக் காசு அனுப்பறேன். பிட்காயின்ல.

சாயக்காரி: ஓ... வீட்டுக்காரருக்கா?

அக்கா: ம். சண்டையில எங்க ஊர்ல பேங்க் மூடி ஏழு மாசமாச்சு. வெளியிலேர்ந்து பணம் வாங்கறான்னு தெரிஞ்சாலே பட்டாளத்துக்காரங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க. ரோட்டுல நிறுத்தி போனைப் பிடுங்கிப் பார்க்கறாங்களாம். அவர் போன்ல ஒண்ணும் இருக்காது. இதே மாதிரி ஒண்ணு அவர்கிட்டயும் இருக்கு. உயிரோட இருக்கற ஏதாவது கம்ப்யூட்டர்ல சொருகுவார், வேலையை முடிப்பார், உருவிடுவார். சுவடே இருக்காது.

சாயக்காரி: அந்தக் காசை வெச்சு அங்க என்ன வாங்க முடியும்?

அக்கா: டீசல். ஒரு ஆள் இதை வாங்கிக்கிட்டு டீசல் கேன் கொடுப்பான். தண்ணி பம்ப் ஓட்டணுமில்ல. நாலு தெருவுக்கும் ஒரு ஆஸ்பத்திரிக்கும் அந்த ஒரு பம்ப்தான். நானும் பாப்பாவும் ஊரை விட்டு வண்டி ஏறும்போது அவரையும் ஏறச் சொன்னேன். 'நான் ஏறினா தண்ணி நின்னுடும்'னார். அவ்வளவுதான். அதுக்கு மேல அந்த மனுஷன்கிட்ட என்ன பேசறது?

சாயக்காரி: எங்க வீட்டுல குழாய் சொட்டறதை நிறுத்தவே ஆள் இல்ல.

அக்கா: இதோ, வந்துடுச்சு. இதுதான் பர்ஸ்.

சாயக்காரி: இதுலயா காசு இருக்கு? பென் டிரைவுக்குள்ள?

அக்கா: காசு இதுக்குள்ள இல்ல. சாவிதான் இருக்கு. காசு எங்க இருக்குன்னா... உலகம் பூரா ஒரே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்குன்னு வெச்சுக்கோ. அதே நோட்டு ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்ல ஒரே நேரத்துல விரிச்சு வெச்சிருக்கு. யார் வேணும்னாலும் படிக்கலாம். ஆனா ஒரு வரியை நகர்த்தணும்னா அந்த வரிக்குச் சொந்தமான சாவி வேணும். வேற எவன் வந்தாலும் அசையாது.

சாயக்காரி: எல்லாருக்கும் தெரியும்படி எழுதியிருக்கு, ஆனா யாருதுன்னு தெரியாது.

அக்கா: புடிச்சுட்ட.

சாயக்காரி: புல்லரிக்குதுக்கா. பாருங்க என் கையை... சரி, இந்த வரியெல்லாம் என்ன?

அக்கா: நான் அனுப்பினது, அவர்கிட்டேர்ந்து வந்தது. மூணு நாளைக்கு ஒருக்கா அனுப்புவேன். கிடைச்சதும் அவர் அதுலேர்ந்து ஒரு துளி திருப்பி அனுப்புவார். ஒரு பிட்காயினைப் பத்துக் கோடித் துண்டாக்கலாம். அதுல கொஞ்சம் துண்டு.

சாயக்காரி: கடைசி ஆறு வரிக்கு எதிர்ப்பக்கம் ஒண்ணும் வரலையே?

அக்கா: அதை எண்ணாத.

சாயக்காரி: அக்கா?

அக்கா: பத்தொம்பது நாளாச்சுடி.

சாயக்காரி: நேத்துகூட போன்ல பேசினேன்னீங்களே?

அக்கா: நான் போட்டது போட்ட இடத்துலயே கிடக்கு. போனும் இல்ல. நேத்து பேசினேன், ஞாயித்துக்கிழமை பேசினேன், சளி பிடிச்சிருக்காம்னு உங்க எல்லார்கிட்டயும் சொன்னேனே... எல்லாம் பொய். சளியை நானாத்தான் வர வெச்சேன்.

சாயக்காரி: சளின்னதும் நான் வேற ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்பினேன்...

அக்கா: சொன்ன. அவர்கிட்ட சொல்றேன்னேன்.

சாயக்காரி: இப்போ என்ன பண்ணப் போறீங்க?

அக்கா: ஏழாவது தடவை அனுப்பப் போறேன். அங்க ஜெனரேட்டர் இப்போதான் அரை மணி நேரம் ஓடும். இந்தா, இந்தத் தாளைப் பிடி. அவர் பர்ஸ் விலாசத்தோட கடைசி ஆறு எழுத்தைச் சத்தமா படி, நான் திரையில ஒத்துப் பார்க்கறேன். நடுவுல எவனாவது மாத்தி வெச்சிருந்தா காசு அவன் வீட்டுக்குப் போயிடும்.

சாயக்காரி: சின்ன கியூ... ஏழு... எக்ஸ்... எம்... நாலு... கே.

அக்கா: இன்னொரு தடவை.

சாயக்காரி: கியூ, ஏழு, எக்ஸ், எம், நாலு, கே. ஒத்துப் போகுதா?

அக்கா: ஒத்துப் போகுது. அமுக்கிட்டேன்... போயிடுச்சு.

சாயக்காரி: அவ்வளவுதானா? ஒரு சத்தம்கூட இல்லையே?

அக்கா: சத்தம் இல்ல. இந்நேரம் எல்லா நோட்டுலயும் பென்சில்ல எழுதியாச்சு. இன்னும் பத்து நிமிஷத்துல மையால எழுதிடுவாங்க.

சாயக்காரி: நம்ம பல் அச்சு பிளாஸ்டர் இறுகறதுக்கே அதைவிட நேரமாகும்... சாப்பிட்டீங்களா?

அக்கா: இறங்கல.

சாயக்காரி: தண்ணியாவது குடிங்க. இந்தாங்க... இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?

அக்கா: பதினாலு நிமிஷம். அப்புறம் அங்க ஜெனரேட்டரை நிறுத்திடுவாங்க.

சாயக்காரி: பாப்பா என்ன சொல்றா?

அக்கா: அப்பா தண்ணிக்கு ராஜான்னு ஸ்கூல்ல சொல்லியிருக்கா. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, மீன் பண்ணை வெச்சிருக்காரான்னு கேட்டாங்க.

சாயக்காரி: சிரிக்காதீங்க, அப்புறம் எனக்கும்... அக்கா. அக்கா, அது என்ன?

அக்கா: எது?

சாயக்காரி: மேல. புதுசா ஒரு வரி. இப்போதான் வந்துச்சு. நான் கண் இமைக்கக்கூட இல்ல!

அக்கா: கண்ணு சரியா தெரியல... நீ படி. எத்தனை துண்டுன்னு மட்டும் படி.

சாயக்காரி: ரெண்டாயிரத்து... எழுநூத்து... நாப்பது.

அக்கா: திரும்பப் படி.

சாயக்காரி: ரெண்டு, ஏழு, நாலு, சைபர். ஏன்க்கா? குறையுதா?

அக்கா: அவர்தான்டி.

சாயக்காரி: எப்படிச் சொல்றீங்க? சாவியை யாராவது மிரட்டிப் பிடுங்கி...

அக்கா: பிடுங்கினவனும் நம்ப வைக்கக் காசு அனுப்பலாம். இந்த எண் வராது. பாப்பா பிறந்தப்ப இருந்த எடை, கிராம்ல. தராசுல போட்டுப் பார்த்தப்ப நாங்க ரெண்டு பேர்தான் பக்கத்துல இருந்தோம். நல்லா இருந்தா இந்த எண். ஆபத்துன்னா வேற எண்.

சாயக்காரி: அப்போ இப்போ... இந்த நிமிஷம்...

அக்கா: இந்த நிமிஷம் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கார். கீபோர்டுல கை வெச்சிருக்கார். எனக்குத் தெரியும், ரெண்டு விரலால்தான் அடிப்பார்.

சாயக்காரி: கடவுளே... கடலுக்கு அந்தப் பக்கம். எத்தனை ரோடு, எத்தனை துப்பாக்கி... அத்தனையும் தாண்டி ஒரு குழந்தையோட எடை இந்தப் பில் போடற ரூமுக்கு வந்துடுச்சு. தொட்டுக்கட்டுமா திரையை?

அக்கா: தொடு. ஆனா கையில சாயம் இருக்கு.

சாயக்காரி: பாருங்க, பழைய ஆறும் நகருது! ஒண்ணு... ரெண்டு... மொத்தத்தையும் எடுக்கறார்!

அக்கா: எடுக்கட்டும். இன்னிக்கு டீசல் போடுவார். தண்ணி வரும்.

சாயக்காரி: அழுங்கக்கா. நான் முதலாளியை உள்ள விடாம பார்த்துக்கறேன்.

அக்கா: போதும், அழுதாச்சு. உருவிடறேன்.

சாயக்காரி: இருங்க, இன்னும் ஒரு தடவை பார்த்துக்கறேன்... சரி. ஏ, இருட்டாயிடுச்சு! அவ்வளவும் போச்சா?

அக்கா: போச்சு. இப்போ ஆன் பண்ணினா முதலாளி பேரன்தான் சிரிப்பான்.

சாயக்காரி: அப்போ இங்க நடந்ததுக்கு ஒரு சாட்சிகூடக் கிடையாதா?

அக்கா: நீ ஒருத்திதான்.

சாயக்காரி: அக்கா... நான் ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. பல்லுக்கு நிறம் பார்க்கவெல்லாம் நான் வரல. காலைல செய்தியில காட்டினாங்க. நேத்து ராத்திரி உங்க ஊர்ல... பம்ப் இருக்கற தெருவுல குண்டு விழுந்து பாதித் தெரு தரைமட்டமாம். உங்க காதுக்கு எட்டலைன்னு நினைச்சோம். யாரும் உங்க முன்னாடி பேசக்கூடாதுன்னு முதலாளி எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சார். நீங்க கம்ப்யூட்டர்ல உக்கார்றதைப் பார்த்ததும், தனியா இருக்கும்போது தெரிய வந்துடுமோன்னு... ஓடி வந்தேன்.

அக்கா: நானும் பார்த்துட்டேன்டி, பஸ்ல வரும்போதே. எப்பவும் பக்கத்து லைப்ரரியில மூலைக் கம்ப்யூட்டர்லதான் இதைச் சொருகுவேன். அங்க யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. இன்னிக்கு அந்த ஏழு வார்த்தையை அடிக்கறப்ப, யாராவது எட்டிப் பார்த்தா தேவலைன்னு இருந்துச்சு... அதான் இங்க வந்து உக்காந்தேன்.