நம்பர் போட்ட வூடெல்லாம் ஆந்திராவுக்கு

இல்ல சார், நான் நிக்கிறேன், பரவால்ல. தமிழ்லயே சொல்லலாம் இல்ல? சரி. எங்க தெரு மருந்து வேணாம்னு சொல்லிடுச்சுன்னு உங்க மலேரியா ஆபீசு ரிஜிஸ்டர்ல எழுதப் போறீங்களாமே, அத்த நிறுத்தத்தான் நகரியிலேர்ந்து மொத பஸ்ஸப் புடிச்சு சித்தூர் வந்தேன். எழுதிட்டீங்கன்னா மருந்தடிக்க அடுத்த சுத்து ஆறு மாசம் கழிச்சுதானாம். அதுக்கு முன்ன நடந்தத கேட்டுடுங்க. நான் நேர்ல பாக்கல, நாலு பேரு சொன்னதுதான்.

உங்க ஆளுங்க போன மாசம் கொசு மருந்து அடிச்சுட்டு, வாசக்கால் பக்கத்துல காவியால செவப்பா ஒரு நம்பர் எழுதிட்டுப் போனாங்க இல்ல? அதுலதான் சார் ஆரம்பம்.

எங்க ஊரு டூரிங் கொட்டாயில மைக்குல பேசறவன் ஒருத்தன் கீறான். ஒத்த மிஷினு. ரீலு மாத்தறதுக்குள்ள ஜனம் விசிலடிக்கும், மண்ண வாரி எறியும். அத்த அடக்கத்தான் அவன். காணாமப் போன ஆடு, பாட்டு புஸ்தகம், எதையாவது சொல்லிக்கினு இருப்பான். அன்னிக்கு ஆடு ஒண்ணும் காணாமப் போகல. ஊரு பூரா எல்லைப் பேச்சு, நாம மெட்ராசுக்கா ஆந்திராவுக்கான்னு. இவன் மைக்கப் புடிச்சு, நம்பர் போட்ட வூடெல்லாம் ஆந்திராவுக்கு, போடாத வூடெல்லாம் மெட்ராசுக்குன்னு பேசிக்கிறாங்களே, நெசமா? நான் சொல்லல, கேக்கறேன், அவ்ளோதான்னான்.

கொட்டாயே கம்முனு ஆயிடுச்சாம். ஒரு விசிலு இல்ல. பேசறவனுக்கு அது எம்மாம் குஷி தெரியுமா? மறுநாளும் கேட்டான். ஒரு வாரம் கேட்டான். கேக்கக் கேக்க கூட்டமும் ஏறிச்சு.

சிரிங்க சார், நானும் சிரிச்சேன். தாமோதரன் மெட்ராசுக் கட்சி, ஒரே வூட்ல தம்பி கங்கையா ஆந்திராக் கட்சி. அண்ணன் காலைல நம்பர அழிப்பான். தம்பி சாயங்காலம் நூலுக்குப் போடற செவப்புச் சாயத்த எடுத்தாந்து திருப்பி எழுதுவான். கமலம்மா எருமைக்கே நம்பர் போட்டுட்டா, மேயறது ஒரு பக்கம் கறக்கறது ஒரு பக்கம்னா யாரு ஜவாப் சொல்றதுன்னு. செங்கல்வராயன் இன்னும் மோசம். வூடு பூரா அழிச்சுட்டு, மாமியா படுக்கற ரூம்பு கதவுல மட்டும் புதுசா ஒரு நம்பர் எழுதி வெச்சான்.

ஆனா அந்தக் காவி லேசுல போகல சார். தொடச்சா இன்னும் பரவிச்சு. அங்க மட்டும் மெழுகினா காட்டிக் குடுத்துடும்னு பொம்பளைங்க சாணியும் செம்மண்ணும் கொழச்சு, உள்ள வெளிய எல்லா சுவத்தையும் ஒரே மெழுகா மெழுகிட்டாங்க. ஆமா சார், சுவத்துல அடிச்சிருந்த உங்க மருந்தும் அதுக்கு அடியில போயிடுச்சு. அது யாருக்கும் தோணல.

அவன் என்னா சொல்றான்னா, நான் கேள்விதானே கேட்டேன்றான். கேள்விதான். கொட்டாயில பக்கத்துல ஒக்காந்தவன கேட்டா கேள்வி. மைக்குல கேட்டா தண்டோரா சார். இது அவனுக்கு இப்பத்தான் ஒறைக்குது.

கம்ப்ளெய்ண்ட்டா? எழுதுங்க. அவன் ஒருத்தன் மேல எழுதுங்க, தெரு மேல எழுதாதீங்க. எத்தினி வூடா? அறுவத்தி மூணு. இது கேட்டது இல்ல, நேத்து வூடு வூடா போய் சுவத்தத் தொட்டுப் பாத்து எண்ணினேன். அதுல பதினோரு வூட்ல குளிர் ஜொரம்.

அவன் பேரா? முனிகிருஷ்ணன். பக்கத்துல பி.ஏ.ன்னு போட்டுக்கோங்க. எங்க தெருவுல மொத பி.ஏ. ஆமா சார், நான்தான். நேர்ல பாக்கலன்னது பொய்யில்ல, மைக்குப் பின்னாடி நின்னா வெளக்கு கண்ணுல அடிக்கும், ஜனம் தெரியாது.

உங்க ஆளுங்கள அனுப்புங்க சார். முன்னாடி வண்டியில மைக்கக் கட்டிக்கினு நானே வரேன், நான் சொன்னது பொய்யின்னு ஒவ்வொரு வாசல்லயும் சொல்லிக்கினு. எங்க வூட்லேர்ந்தே ஆரம்பிங்க. தெருவுலயே மொதல்ல மெழுகினது எங்கம்மாதான், இப்ப மூணு போர்வைக்கும் நடுக்கம் நிக்கல. நெசமாடின்னு பக்கத்து வூட்டு மணியம்மா கேட்டதுக்கு, படிச்ச புள்ள மைக்குல சொல்றான், வெசாரிக்காமயா சொல்வான்னு சொல்லிக்கினே மெழுகிச்சாம். அத்த நான் நம்பல சார். நேத்து மணியம்மாவப் போய் கேட்டேன். அப்படியேதான் சொல்லிச்சாம்.